தபால் பெட்டிக்கு இருபது படி

நம் அறுபது தாண்டியவர்கள் வட்டத்தில் இப்போது பதினேழு பேர் இருக்கிறோம். நாம் அச்சிடப் போகும் நினைவு மலருக்கு இதுவரை எழுதிக் கொடுத்தவர்கள் பன்னிரண்டு பேர். ஐந்து பேர் முதன்முதலில் பார்த்த பனியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான்கு பேர் பள்ளிக்கூடத்தில் தயிர்சாத டப்பாவைத் திறந்ததும் பக்கத்துப் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டதைப் பற்றி. இரண்டு பேர் அப்பாவின் பழைய காரைப் பற்றி. ஒருவர் ஒரு நாயைப் பற்றி. எல்லாவற்றையும் படித்தேன். பன்னிரண்டும் நல்லபடியாக முடிகின்றன. என்னுடையது அப்படி முடியாது. வேண்டாமென்றால் தொகுப்பவர் இந்தத் தாள்களை இப்போதே திருப்பித் தந்துவிடலாம். மொத்தம் ஒன்பது தாள்.

உங்களைப்போல நானும் சின்ன வயதில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு இந்த நியூ ஜெர்சிக்கு வந்தவன். வந்தபோது எனக்குப் பதினொரு வயது, தங்கைக்கு நான்கு. அப்போது இங்கே கோயில் கிடையாது, கறிவேப்பிலை கிடையாது, தமிழ் பேச மொத்தமே மூன்று வீடுகள். இப்போது நான் இருக்கும் ஈஸ்ட் பிரன்ஸ்விக் வீட்டிலிருந்து பதினான்கு நிமிடத்தில், சிக்னல் எல்லாம் பச்சையாக விழுந்தால், நாங்கள் அன்றைக்கு இருந்த இடத்துக்குப் போய்விடலாம். நெடுஞ்சாலையை ஒட்டிச் செங்கல்லில் கட்டிய இரண்டு மாடிக் குடியிருப்பு. நாங்கள் மேலே. எங்கள் கதவிலிருந்து கீழே தபால் பெட்டி வரை இருபது படி. பத்துப் படி இறங்கினால் ஒரு திருப்பம், பிறகு பத்துப் படி. படிக்கட்டில் எப்போதும் ஈரமான பூட்ஸ் வாசனையும் கீழ்வீட்டுக்காரர்கள் வேகவைக்கும் முட்டைக்கோசு வாசனையும் இருக்கும்.

முதல் பனி விழுந்த அன்று, எல்லா அம்மாக்களையும்போல என் அம்மாவும் கார் நிறுத்துமிடத்தில் இறங்கி நின்று கையை நீட்டினாள். மேலே வந்து கண்ணாடியைப் பார்த்தபோது ஒரு காதில் ஜிமிக்கி இல்லை. சிவப்புக் கல் வைத்தது, கீழே ஏழு முத்து. அப்பாவும் நானும் போய் ஒரு மணி நேரம் பனியைக் கிளறினோம்.

"பனி உருகினா தானா தெரியும். எங்க போயிடப் போகுது?" என்றார் அப்பா.

பனி உருகவில்லை. அதன்மேல் இன்னொரு பனி விழுந்தது, அதன்மேல் இன்னொன்று. அந்தக் குளிர்காலத்தில் அம்மா கொஞ்சம் கொஞ்சமாகத் தூங்குவதை நிறுத்தினாள். பிறகு சாப்பிடுவதை. ஜன்னலோரம் ரேடியேட்டர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து நாள் முழுவதும் கீழே பார்த்துக்கொண்டிருப்பாள். தங்கை காலைக் கட்டிக்கொண்டு அழுதால் தூக்கி மடியில் வைப்பாள், கண்ணை எடுக்காமல். சமையல் மட்டும் தவறாமல் நடந்தது. எங்களுக்குப் போட்டுவிட்டுத் தன் தட்டைக் கழுவி வைத்துவிடுவாள், அதில் எதுவும் போடாமலே. நான் எண்ணத் தொடங்கியது அப்போதுதான். ஒரு நோட்டில் தேதி போட்டு, அம்மா இன்று சாப்பிட்ட இட்லி, பேசிய வார்த்தை என்று குறித்துவந்தேன். இட்லிக் கட்டத்தில் பெரும்பாலும் அரை.

அப்பா அவளை ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனார். டாக்டர் ஒன்பது நிமிடம் பார்த்தார். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. அப்பா நடுவில் நின்று பாதியைச் சொன்னார், பாதியை விழுங்கினார். தூங்க ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்து, மனநோய் பார்க்கும் இன்னொரு டாக்டருக்குக் கடிதமும் தந்தார்கள். காரில் ஏறியதும் அப்பா இரண்டையும் சேர்த்து நான்காகக் கிழித்தார். அப்பாவுக்கு மருந்துக் கம்பெனியில்தான் வேலை. நாள் முழுவதும் மாத்திரைக்குள் என்ன இருக்கிறது என்று சோதிக்கும் வேலை.

"ஃபைல்ல ஒரு வரி ஏறிட்டா போச்சு," என்றார். "க்ரீன் கார்டு இன்டர்வியூல வேற எதையும் படிக்க மாட்டான். அந்த ஒரு வரியத்தான் படிப்பான். நாலு பேரையும் மூட்டை கட்டி அனுப்பிடுவான்."

பின்சீட்டில் என் பக்கத்தில் அம்மா இருந்தாள். அந்தப் பயம் முழுக்கப் பொய்யும் இல்லை, முழுக்க நிஜமும் இல்லை என்று பல வருஷம் கழித்து ஒரு வக்கீல் என்னிடம் சொன்னார். அப்போது யாரும் ஒரு வக்கீலிடம் கேட்கவில்லை. எங்கள் வீட்டுக்கு அப்பாவின் பயமே வக்கீல்.

அப்பாவோடு ஒரே காரில் வேலைக்குப் போய்வரும் ஒருவர் இருந்தார். கல்யாணம் ஆகாதவர். ஞாயிறுதோறும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. நானும் தங்கையும் அவரைக் கார் அங்கிள் என்போம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா அவரிடம் கூடத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்:

"இன்டர்வியூவுக்கு முன்னாடி அவளை மெட்ராஸுக்கு, அவ அண்ணன் வீட்டுக்கு அனுப்பிடலாம்னு பாக்கறேன். சின்னதையும் கூட்டிட்டுப் போகட்டும். ஆறு மாசம். மாட்டேங்கறா."

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. அன்றைக்கு அவள் பேசிய முதல் வாக்கியம் அது, நோட்டில் குறித்திருக்கிறேன். "என்னை அனுப்பினா நீங்க திரும்பக் கூப்பிட மாட்டீங்க."

"பைத்தியம் மாதிரி பேசாதே," என்றார் அப்பா. பிறகு அந்த வார்த்தை காதில் விழுந்து அவரே எழுந்து ஜன்னல் பக்கம் போனார்.

அம்மா போகக்கூடாது. பதினொரு வயதில் எனக்கு வேறு எந்த யோசனையும் இல்லை. அவள் தூங்கினால், சாப்பிட்டால், அப்பா அனுப்ப மாட்டார். அவ்வளவுதான் கணக்கு.

அடுத்த வாரம் பள்ளி ஜிம்மில் நிதி திரட்ட ஒரு ஹிப்னாடிசக்காரரைக் கூட்டிவந்தார்கள். நாங்கள் பார்க்க, மதியச் சாப்பாடு பரிமாறும் அம்மாளை அவர் மேடைக்கு அழைத்தார். யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் உருளைக்கிழங்கை அள்ளிப் போடுபவள் அவள். மூன்று நிமிடத்தில் கண்ணை மூடி, தலையைத் தொங்கவிட்டு, பிறகு எழுந்து நின்று ஒரு முழுப் பாட்டையும் பாடினாள். பள்ளிக்கூடமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஓர் ஆளை இப்படிச் செய் என்று சொல்லி மாற்ற முடியும் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

பள்ளிக்குப் பக்கத்திலேயே ஊர் நூலகம். ஹிப்னாடிசம் பற்றி ஒரே ஒரு புத்தகம், 138 பக்கம், ஓரம் காபி பட்டுப் பழுப்பேறியது. நூலகத்து அம்மாள் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "வீட்டில் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். ஐந்து முறை புதுப்பித்தேன். அதில் ஓர் அத்தியாயம் முழுக்கப் புதிதாகப் பழகுகிறவனுக்கு வரும் இடைஞ்சல்களைப் பற்றியது. எதிரில் இருப்பவர் சிரிப்பார். உனக்கே சிரிப்பு வரும். குரல் நடுங்கும். தூக்கம் வேறு, ஹிப்னாடிச நிலை வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்வாய். சிலர் உன்னைச் சந்தோஷப்படுத்த நடிப்பார்கள். கடைசியாகச் சொன்னதை நான் பென்சிலால் கோடிட்டேன். நூலகப் புத்தகத்தில் நான் கோடிட்டது அது ஒன்றுதான்.

ஆட்டிக் காட்டப் பளபளப்பாக ஒன்று வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. அம்மாவின் மிச்சமிருந்த ஒற்றை ஜிமிக்கியைக் கேட்டேன். எதற்கு என்றுகூடக் கேட்காமல் கொடுத்தாள். கறுப்பு நூலில் கட்டினேன். ஆட்டினால் ஏழு முத்தும் சன்னமாகச் சலசலக்கும்.

முதலில் தங்கை. "இதையே பாரு" என்றால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒரு கண்ணால் பார்த்தாள். கை நீட்டிப் பிடித்தாள். "எனக்குப் போட்டு விடு, எனக்குப் போட்டு விடு." ஆறு முறை முயன்றேன், ஆறு முறையும் காதில் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு ஓடினாள்.

அடுத்து, கீழ்வீட்டில் இருந்த என் வகுப்புப் பையன். அவன் உடனே தலையைச் சாய்த்தான். "நீ இப்போது ஒரு கோழி," என்றேன். கொக்கரித்தான், சோபா மேல் ஏறினான், முட்டையிட்டான். மறுநாள் பஸ்ஸில் முப்பத்தொரு பிள்ளைகளும் என்னைப் பார்த்துக் கொக்கரித்தன. புத்தகத்தைத் திரும்பப் படித்தேன். நடிப்பவரைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை இருந்தது. கையை மணிக்கட்டில் பிடித்து மெல்லத் தூக்கி விட்டுவிடு. நடிப்பவரின் கை ஒரு கணம் அந்தரத்தில் நிற்கும், பிறகு மெதுவாக இறங்கும். நிஜமாக அந்த நிலைக்குப் போனவரின் கை ஈரத்துணிபோலத் தொப்பென்று விழும்.

கார் அங்கிளின் கை விழுந்தது. ஞாயிறு மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு, சோபாவில். நான் பதினைந்து வரைகூட எண்ணவில்லை, வாய் திறந்துவிட்டது. கையைத் தூக்கி விட்டேன், தொப். சிகரெட் பிடிக்காதே, சிகரெட் பிடிக்காதே என்று நாற்பது முறை காதில் சொன்னேன். எழுந்தவர் நேரே வெளியே போய் ஒன்று பற்றவைத்தார்.

"டேய், உன் வித்தையில இல்லடா நான் விழுந்தது. உங்கம்மா வச்ச வத்தக்குழம்புல," என்றார் உள்ளே வந்து. "அதுக்கு எந்த லைப்ரரிலயும் புக் கிடையாது."

அம்மா சிரிப்பாளா என்று பார்த்தேன். இல்லை. ஆனால் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து, "என்னடா படிக்கிற?" என்று கேட்டாள். பனிக்குப் பிறகு அவளாக என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

மறுநாளே அவளிடம் ஆரம்பித்தேன். பள்ளி பஸ் 3.25க்கு என்னை இறக்கிவிடும், 3.40க்கு அவள் நாற்காலிக்கு எதிரே நான். தங்கை உள்ளறையில் தூங்கும் நேரம். முதல் நாள் புத்தகத்தில் இருந்ததை ஆங்கிலத்திலேயே படித்தேன். அம்மா மரியாதையாகக் கேட்டுவிட்டு, "நல்லா வாசிக்கறடா கண்ணு. பரீட்சை எப்போ?" என்றாள்.

சரி, தமிழ்தான். இரண்டு நாள் உட்கார்ந்து மொழிபெயர்த்தேன். ஊரில் ஐந்தாம் வகுப்போடு நின்ற தமிழ். "அம்மா, உன் இமைகள் ஈயத்தைப்போல் கனக்கின்றன."

அம்மாவின் கண் விரிந்தது. "ஈயமா? பாத்திரத்துக்குப் பூசுவாங்களே, அதுவா? அதை ஏண்டா என் கண்ணுல பூசற?"

சிரித்தாள். பத்தொன்பது நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு, நோட்டில் அடிக்கோடு போட்டு வைத்தேன். ஆனால் அன்றைய முயற்சி போயிற்று. நானும் சிரித்துவிட்டேன், புத்தகம் எச்சரித்தபடிதான்.

அடுத்த இடைஞ்சல் எந்தப் புத்தகத்திலும் இருக்காது. ஆழமாகப் போக, அவரை நகரும் படிக்கட்டில் இறங்குவதாக நினைக்கச் சொல் என்று போட்டிருந்தது. "அம்மா, நீ எஸ்கலேட்டர்ல நிக்கற, அது கீழ போகுது" என்றேன். அம்மா நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். முந்தைய இலையுதிர் காலத்தில், கோட்டு வாங்கப் போன பெரிய கடையில், எஸ்கலேட்டர் முன்னால் காலை வைக்க முடியாமல் அவள் நின்றதும், பின்னால் பதினான்கு பேர் சேர்ந்துவிட்டதும், அப்பா கீழே இருந்து "வா, சும்மா வா" என்று கத்தியதும் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்று புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தவள் பிறகு எந்தக் கடைக்கும் வரவில்லை.

அதனால் எஸ்கலேட்டரை எடுத்துவிட்டு எங்கள் படிக்கட்டை வைத்தேன். அதில் இறங்க அவளுக்குப் பயமில்லை. அந்த நாட்களில் அவள் தானாகப் போய்வந்த ஒரே வழி அதுதான், தபால்காரர் போன பிறகு ஊரிலிருந்து ஏரோகிராம் கடிதம் வந்திருக்கிறதா என்று பார்க்க.

"நீ நம்ம கதவைத் திறக்கற. மேல் படியில நிக்கற. கீழ பெட்டில உனக்கு ஒரு லெட்டர் இருக்கு. நான் எண்ண எண்ண ஒவ்வொரு படியா இறங்கு. அவசரமே இல்ல. இருபது. பத்தொன்பது."

குரல் நடுங்கவில்லை. ரேடியேட்டர் இஸ் என்றது, முத்துகள் சலசலத்தன, அவள் கண் இரண்டு பக்கமும் போய்வந்து, மூடிக்கொண்டது. "பதினான்கு. பதின்மூன்று. பன்னிரண்டு. பத்து, இப்போ திருப்பம், கைப்பிடியைப் பிடிச்சுக்கோ. ஒன்பது." அந்தத் திருப்பத்தில் அவள் உதட்டோரம் லேசாகத் துடித்தது. முகத்தில் தசை துடித்தால் ஆழத்துக்குப் போகிறார் என்று பொருள், 61ஆம் பக்கம். பிறகு ஒவ்வொரு நாளும் அதே இடத்தில், அந்தத் திருப்பத்தில், துடித்தது. நான் அதை நோட்டில் ஒரு நட்சத்திரம் போட்டுக் குறித்தேன். ஒன்று வந்ததும் அவள் கையை மணிக்கட்டில் பிடித்துத் தூக்கினேன். குளிர்ந்திருந்தது, எலும்பு தெரிந்தது. விட்டேன். ஈரத்துணிபோல விழுந்தது.

"ராத்திரி உனக்கு நல்லா தூக்கம் வரும். உனக்குப் பசிக்கும். ரெண்டு இட்லி சாப்பிடுவ."

அன்றிரவு ஒன்றரை இட்லி சாப்பிட்டாள்.

பதினாறு நாள் இப்படி நடந்தது. நோட்டில் எல்லாம் இருந்தது: இரண்டு, இரண்டு, இரண்டரை. ஒரு சனிக்கிழமை தங்கைக்குத் தலை பின்னிவிட்டாள். ஒரு நாள் நான் வருவதற்கு முன்பே நாற்காலியைத் திருப்பிப் போட்டுவிட்டு எனக்காகக் காத்திருந்தாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். என் வாழ்க்கையில் நான் நன்றாகச் செய்த காரியம் எது என்று கேட்டால், அந்தப் பதினாறு நாளைத்தான் சொல்லியிருப்பேன், போன மாதம் வரை.

பிறகு பனி உருகியது. அம்மா கோட்டின் மேல் தலைப்பைச் சுற்றிக்கொண்டு, செருப்புக் காலோடு கார் நிறுத்துமிடத்தில் இறங்கினாள். குனிந்தபடியே ஒரு காரிலிருந்து அடுத்த காருக்குப் போனாள். கார்களுக்கு அடியில் மண்டியிட்டுப் பார்த்தாள். ஒரு நாள் இரண்டு மணி நேரம், மறுநாள் நான்கு. குடியிருப்பு மேனேஜர் அப்பாவின் ஆபீஸுக்கே போன் செய்தார்: உங்கள் மனைவி கார்களுக்கு நடுவில் ஊர்ந்துகொண்டிருக்கிறார், குடியிருப்பவர்கள் பயப்படுகிறார்கள், அடுத்த முறை போலீஸைக் கூப்பிடுவேன். அவள் ஜிமிக்கியைத்தான் தேடினாள். பனி உருகினால் தெரியும் என்று அப்பாதானே சொன்னார். அது அப்பாவுக்கு ஞாபகம் வரவில்லை. எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் பெரியவர்கள் அவ்வளவு கவலையாக இருக்கும்போது, காரணம் அவ்வளவு சின்னதாக இருக்காது என்று நினைத்துப் பேசாமல் இருந்தேன்.

அடுத்த ஞாயிறு மதியம் அப்பா என்னைக் காருக்குக் கூப்பிட்டார். எங்கும் போகவில்லை. எஞ்சினைப் போட்டு, ஹீட்டரைப் போட்டு, நிறுத்திய இடத்திலேயே உட்கார்ந்திருந்தோம். அவர் மடியில் என் நோட்டு.

"இதெல்லாம் நீ எழுதினதா?"

"ஆமாப்பா."

பக்கம் பக்கமாகத் திருப்பினார். திட்டுவார் என்று இருந்தேன். "லேப்ல என் ஆளுங்ககூட இவ்வளவு சுத்தமா எழுத மாட்டாங்க," என்றார். கொஞ்ச நேரம் வைப்பரைப் பார்த்தார். "நான் சொன்னா அவ கேக்கறதில்ல. நீ சொன்னா கேக்கறா. இல்ல?"

"கண்ணை மூடினப்புறம் கேப்பா."

"போலீஸ் வந்தா ரிப்போர்ட் எழுதுவான். அந்த ரிப்போர்ட் நம்ம ஃபைலுக்கு வரும். அப்புறம் யாருமே இங்க இருக்க முடியாது. ஆறே மாசம். அண்ணன் வீட்ல இருந்தா அவளும் தேறிடுவா. இன்டர்வியூ முடிஞ்ச உடனே நானே போய்க் கூட்டிட்டு வர்றேன்." என் பக்கம் திரும்பினார். "அவளா மனசோட சரின்னு சொல்லணும். ஏர்போர்ட்ல இழுத்துட்டுப் போற மாதிரி இருக்கக் கூடாது. நீ சொல்லு அவகிட்ட."

"நானும் போறேனா?"

"உனக்கு ஸ்கூல் இருக்கு."

ஆறு மாசம் என்றால் நூற்று எண்பது நாள். எண்ணி முடிக்கக்கூடியதுதான் என்று எனக்குப் பட்டது. எதற்காக இந்த வித்தையைக் கற்றுக்கொண்டேனோ அதற்கு நேர்மாறாக அதைச் செய்யப் போகிறேன் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தது. எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பா என் கணக்கைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை, 3.40. அம்மா நாற்காலியில் தயாராக இருந்தாள். தலைவாரி, பொட்டு வைத்திருந்தாள். இருபது, பத்தொன்பது. கண் மூடியது. திருப்பத்தில் உதடு துடித்தது. ஒன்று. கையைத் தூக்கி விட்டேன், விழுந்தது.

"பெட்டியைத் திற. லெட்டரை எடு. மெட்ராஸ்லேருந்து மாமா எழுதியிருக்கார். உன்னை வரச் சொல்றார்." ஜிமிக்கி நூலை விரலில் சுற்றிக்கொண்டேன். "உனக்குப் போகணும்னு இருக்கு, அம்மா. நீ போனா எல்லாருக்கும் நல்லது. எனக்கும் அதான் வேணும். நீ போ."

கடைசி மூன்று வாக்கியங்களை அப்பா சொல்லித் தரவில்லை. புத்தகத்தில் இருந்தது: உன் சொல்லில் உனக்கே நம்பிக்கை இருக்க வேண்டும்.

கண்ணைத் திறக்காமலே அம்மா, "சரி" என்றாள்.

மூன்றிலிருந்து ஒன்றுவரை எண்ணி எழுப்பினேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். அன்று சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே, "நான் போறேன்," என்றாள். அப்பா என்னைப் பார்க்கவில்லை. நான் நோட்டில் எழுதினேன்: இட்லி, பூஜ்யம். பேசியது, இரண்டு வார்த்தை.

பன்னிரண்டு நாளில் டிக்கெட் வந்துவிட்டது. ஏர்போர்ட்டில் தங்கை கார் அங்கிள் தோளில் தூங்கிவிட்டாள். நான் ஜிமிக்கியை நூலோடு நீட்டினேன். அம்மா என் விரல்களை மடக்கி அதை உள்ளேயே வைத்து மூடினாள். "நீ வெச்சுக்கோ. ஒத்தையை வெச்சுட்டு நான் என்ன பண்ண?" பிறகு என் காலரைச் சரிசெய்தபடி, "எண்ணறப்போ அவசரப்படாதே, கண்ணு," என்றாள். கணக்குப் பரீட்சையைச் சொல்கிறாள் என்று நினைத்து, "சரிம்மா, தொண்ணூத்தெட்டு வாங்குவேன்," என்றேன். வாங்கினேன்.

நூற்று எண்பது நாளையும் காலண்டரில் அடித்தேன். இன்டர்வியூ நடந்தது, அதிகாரி ஆறு கேள்வி கேட்டார், ஒன்றுகூட அம்மாவைப் பற்றி இல்லை. ஆனால் அவள் இங்கே இல்லாததால் விண்ணப்பத்திலிருந்து அவள் பெயரும் தங்கை பெயரும் விடுபட்டன. மறுபடி சேர்க்க மெட்ராஸில் டாக்டர் பரிசோதனை உண்டு என்றார்கள். அதே ஒரு வரிக்கு அப்பா மறுபடி பயந்தார். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். ஒன்பது வருஷம் அடுத்த வருஷமாகவே போயிற்று. எனக்கு இருபது வயது ஆனபோது அம்மா அங்கேயே இறந்துபோனாள். நடுவில் ஒரே ஒரு முறை, இருபத்து மூன்று நாள், போய்ப் பார்த்தேன். என் தமிழ் நன்றாக இருக்கிறது, எங்கே கற்றீர்கள் என்று உங்களில் மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். ஏரோகிராமில் கற்றது. நான் அவளுக்கு எழுதியவை முந்நூற்றுப் பன்னிரண்டு. அவள் எழுதியவை நூற்று நான்கு. ஜிமிக்கி எட்டு வீடு மாறியதில் ஏதோ ஒரு பெட்டியோடு போய்விட்டது. பிறகு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் முப்பத்தாறு வருஷம், எந்த வயதில் எத்தனை பேர் சாவார்கள் என்று எண்ணும் வேலை பார்த்தேன். தப்பு விட்டதில்லை.

போன மாதம் தங்கை வந்திருந்தாள். கல்யாணமாகித் தன் நாற்பதுகளில்தான் இந்த நாட்டுக்கு மறுபடி வந்தவள். டெக்சஸில் ஃபிரிஸ்கோவில் இருக்கிறாள். ஒரு சாயங்காலம் நானும் அவளும் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, என் பேத்தி கண்ணாமூச்சிக்காகச் சுவரில் முகத்தை வைத்து இருபதிலிருந்து கீழே எண்ணினாள். ஆங்கிலத்தில். "ஃபிஃப்டீன், தர்ட்டீன்..."

"ஃபோர்ட்டீன் எங்கே போச்சு?" என்றேன்.

"தாத்தா! இட்ஸ் ஜஸ்ட் எ கேம்!"

"விளையாட்டானாலும் கணக்கு கணக்குதான். முதல்லேருந்து எண்ணு."

தங்கை டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "அண்ணா, நீயா அவளைத் திருத்தற? அம்மா கேட்டிருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா."

"ஏன்?"

"நீ ஏதோ ஹிப்னாடிசம்னு அம்மாவை உக்கார வச்சு எண்ணுவியாமே. இருபதுலேருந்து ஒவ்வொரு படியா. தினம் பதினொண்ணை விட்டுடுவியாம். பன்னெண்டு, பத்து. மெட்ராஸ்ல எனக்குத் தலை பின்றப்போ எல்லாம் சொல்லுவா. 'உங்க அண்ணன் டெய்லி என்னை ஒரு படி குதிக்க வைப்பான்டி, திருப்பத்துல முட்டி பேந்துடும்னு பயந்துட்டே இறங்குவேன்'னு. சிரிப்பை அடக்கறதுக்குள்ள உயிர் போயிடுமாம்."

நான் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா முழிச்சிட்டிருக்கான்னு உனக்குத் தெரிஞ்சிடாதா? நீ அவ்ளோ கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்டியாம். கையைத் தூக்கி வேற போடுவியாமே? அந்தக் கையை அப்படியே தூக்கி வெச்சுக்கற தெம்பே அப்ப எனக்கு இல்லடின்னுவா." மறுபடி டீயை எடுத்தாள். "அது மட்டுமா? அந்தப் பத்து நிமிஷம்தான் அந்த ஊர்ல யாரோ என்கூடப் பேசினாங்கன்னுவா. என்ன அண்ணா, டீ ஆறுது பாரு."

அவளுக்கு அந்தத் திங்கட்கிழமை தெரியாது. அம்மா அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை போலிருக்கிறது. நானும் அன்று தங்கையிடம் சொல்லவில்லை. இதை அச்சில்தான் அவள் படிப்பாள்.

முந்நூற்றுப் பன்னிரண்டு கடிதம் எழுதியிருக்கிறேன். பள்ளி மதிப்பெண், சீதோஷ்ணம், அப்பாவின் சர்க்கரை, கார் அங்கிளின் கல்யாணம், எல்லாம் எழுதினேன். 'போ என்று சொல்லச் சொன்னது அப்பா' என்று ஒன்றிலும் எழுதவில்லை. அவள் கேட்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தூங்கியவளிடம் சொன்னதற்கு எதற்கு விளக்கம்?

இந்தத் தாள்களை எழுத உட்காரும் முன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டு எண்ணிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் இருபதும் வருகின்றன. தமிழில், அந்தப் படிக்கட்டில் இறங்குவதாக நினைத்து, மெதுவாக, அவசரமில்லாமல், ஆறு முறை எண்ணினேன். பதினான்கு, பதின்மூன்று, பன்னிரண்டு, பத்து. ஆறு முறையும் அப்படித்தான் வந்தது.